பழைய ஜீப்பின் முன்சக்கர பேரிங்: எவ்வளவு இறுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும்?

மலையடிவாரத் தோட்டங்களிலும், லாரி ஏற முடியாத மண் பாதைகளிலும் இன்றும் வேலை செய்வது பழைய ஜீப்தான். தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போவதும், காட்டிலிருந்து வாழைத்தார், காய்கறி, காபி மூட்டைகளை இறக்குவதும் பெரும்பாலும் இருபது முப்பது வருடம் ஓடிய வண்டிகளே. இவற்றில் எஞ்சினைக் கவனிக்கும் அளவுக்கு முன்சக்கர பேரிங்கை யாரும் கவனிப்பதில்லை. சக்கரம் ஆடுகிறது என்று தெரிந்தால், ஹப்பைத் திறந்து நட்டை முடிந்த மட்டும் இறுக்கி மூடிவிடுகிறோம். தவறு நடப்பது அங்கேதான்.

பேரிங் லூசாக இருந்தால் ஆட்டமும் சத்தமும் நமக்குத் தெரியும். அளவுக்கு மீறி டைட்டாக இருந்தால் முதலில் எதுவும் தெரியாது. வண்டி ஆடாமல் ஓடும். சரி செய்துவிட்டோம் என்று நினைப்போம். உள்ளே சூடு ஏறி, கிரீஸ் உருகி வழிந்து, பேரிங் நீலம் பாய்ந்து, கடைசியில் இறுகிப் பிடிக்கும் அல்லது உடையும். மலை இறக்கத்தில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு இறங்கும்போது அது நடந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. எனவே, எவ்வளவு இறுக்குவது என்பதைவிட எவ்வளவு திருப்பித் தளர்த்துவது என்பதைத் தெரிந்துகொள்வதே முக்கியம்.

ஹப்பின் உள்ளே என்ன இருக்கிறது?

வில்லிஸ் வகையில் வந்த பழைய நான்கு சக்கர இயக்க ஜீப்களின் ஒவ்வொரு முன் ஹப்பிலும் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள் இருக்கும். ஒன்று உள்பக்கம், ஒன்று வெளிப்பக்கம். உருளைகளோடு சேர்ந்த உள்வளையத்தைக் கோன் என்றும், ஹப்பில் அடித்து ஏற்றப்பட்ட வெளிவளையத்தைக் கப் என்றும் கடைகளில் சொல்வார்கள். இரண்டு கோன்களும் சிறிய முனை ஒன்றையொன்று பார்த்தபடி அமைந்திருக்கும்.

வெளியிலிருந்து நட்டை இறுக்கும்போது வெளிப்பக்கக் கோன் உள்ளே தள்ளப்பட்டு, ஆப்பு இறங்குவது போலக் கப்பில் இறுகும். இரண்டு பேரிங்குக்கும் இடையே மிச்சமிருக்கும் ஆட்டத்தை முடிவு செய்வது இந்த நட்டுதான். அதன் மேல் நாக்கு மடக்கும் லாக் வாஷர், அதற்கு மேல் லாக் நட்டு. சக்கரம் கழலாமல் பிடித்திருப்பது இந்த இரண்டு நட்டுகள்.

உருளைகள் சுழல ஒரு பொடி இடைவெளி வேண்டும். கையால் டைட் வைக்கும் இவ்வகை பேரிங்குக்குப் பொதுவாக 0.025 முதல் 0.125 மி.மீ. வரை ஆட்டம் இருந்தால் நல்லது. நாம் எழுதும் சாதாரணத் தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. அதாவது, ஒரு தாள் அளவு ஆட்டம். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் இது கைக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்.

பேரிங் கெட்டதற்கான அறிகுறிகள்

- ஓடும்போது முன்பக்கம் 'ம்ம்' என்று தொடர்ந்து இரைச்சல், வேகத்தோடு கூடும்.
- நேர் சாலையில் ஸ்டீயரிங் அலைவது.
- மேடுபள்ளத்தில் ஓடிய பிறகு பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்குவது. ஹப் ஆடும்போது ட்ரம்மும் சேர்ந்து ஆடுவதால் இப்படி நடக்கும்.
- சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருப்பது.
- ஒரு பக்க ஹப் மட்டும் அதிகம் சூடாவது, கருகிய வாடை வருவது.

ஆட்டம் பேரிங்கிலா, கிங் பின்னிலா?

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரின் மேலும் கீழுமாகக் கை வைத்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் உடனே பேரிங் என்று முடிவு செய்ய வேண்டாம். பழைய ஜீப்பில் கிங் பின் பேரிங் தேய்ந்திருந்தாலும் இதே ஆட்டம் வரும்.

ஒருவரைப் பிரேக்கை நன்றாக மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங். பிரேக் பிடித்த பிறகும் ஆடினால் கோளாறு கிங் பின்னில். அங்கே பேரிங் நட்டை இறுக்கினால் ஆட்டம் போகாது. நல்ல பேரிங்தான் கெடும். டயரின் இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராடு முனைகளையும் ஸ்டீயரிங் பாக்ஸையும் பாருங்கள்.

தேவையான சாமான்கள்

ஜாக்கி, உறுதியான ஆக்சில் ஸ்டாண்ட், அண்டைக் கட்டைகள், நட்டின் அளவுக்குச் சரியான பாக்ஸ் ஸ்பேனர், சர்க்லிப் பிளையர், மண்ணெண்ணெய் அல்லது டீசல், சுத்தமான துணி, வீல் பேரிங் கிரீஸ், புது ஆயில் சீல், புது லாக் வாஷர், ப்ளேஞ்சுக்குப் புது பேக்கிங்.

இதில் பாக்ஸ் ஸ்பேனர் இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். உளியை வைத்துச் சுத்தியலால் தட்டி நட்டைத் திருப்பும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் நட்டின் முனை மழுங்கும், உலோகத் துகள் பேரிங்குக்குள் விழும், எவ்வளவு இறுக்கினோம் என்ற கணக்கும் இருக்காது. நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களை அளந்துகொண்டு போனால் ஸ்பேனர் கடையில் கிடைக்கும். லேத் பட்டறையிலும் குழாயில் செய்து வாங்கலாம்.

வண்டியைத் தூக்கும்போது

1. சமதளமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அண்டை கொடுங்கள். பல பழைய ஜீப்களில் கை பிரேக் சக்கரத்தில் பிடிக்காது, கியர் பாக்ஸின் பின்னால் ஷாஃப்டில் பிடிக்கும். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

2. சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே சிறிது தளர்த்துங்கள். சில பழைய ஜீப்களில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடது மரையாக இருக்கும். போல்ட்டின் முனையில் 'எல்' எழுத்து பொறித்திருக்கும். அவற்றை வலப்பக்கமாகத் திருப்பினால்தான் கழலும்.

3. ஆக்சிலுக்குக் கீழே ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். செங்கல், ஹாலோ பிளாக், கல் அடுக்கி நிறுத்த வேண்டாம். எடை இறங்கும்போது அவை எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும்.

4. டிரான்ஸ்ஃபர் லீவரை இரு சக்கர இயக்கத்தில் வையுங்கள். ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் அதையும் விடுவித்துவிடுங்கள்.

5. சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். பிரேக் ஷூ உரசினால் அட்ஜஸ்டரைத் தளர்த்தி உரசாமல் செய்யுங்கள். இதை விட்டுவிட்டால், பிரேக் உரசுவதையே பேரிங் டைட் என்று நினைத்து ஏமாந்துபோவீர்கள்.

கழற்றுவது

ஹப்பின் மூடியை எடுங்கள். ஆக்சில் ஷாஃப்ட் முனையில் இருக்கும் சர்க்லிப்பைப் பிளையரால் கழற்றுங்கள். டிரைவ் ப்ளேஞ்சின் போல்ட்டுகளை எடுத்து, ப்ளேஞ்சை வெளியே இழுங்கள். ஒட்டியிருந்தால் மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டினால் விடும். இடையில் தகடு ஷிம்கள் இருந்தால் எண்ணிப் பத்திரப்படுத்துங்கள்.

லாக் வாஷரின் மடக்கிய நாக்கை நிமிர்த்துங்கள். லாக் நட்டு, வாஷர், உள் நட்டு என்று வரிசையாக எடுங்கள். வெளிப்பக்க பேரிங் கீழே விழாமல் கையால் தாங்கி, ஹப்பை இழுத்தால் ட்ரம்மோடு வந்துவிடும். இடப்பக்க பேரிங், வலப்பக்க பேரிங் கலந்துவிடாமல் தனித்தனித் தட்டில் வையுங்கள். ஓடிப் பழகிய கோனும் கப்பும் ஜோடி. மாற்றிப் போடக் கூடாது.

கழுவிப் பார்ப்பது

பழைய கிரீஸ் முழுவதையும் துணியால் வழித்து, பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர விடுங்கள். காற்று அடித்து உலர்த்தும்போது பேரிங்கைச் சுழல விட வேண்டாம். கிரீஸ் இல்லாமல் அதிவேகமாகச் சுழன்றால் உருளைகள் தேயும். சில நேரம் தெறித்துக் காயப்படுத்தும்.

வெளிச்சத்தில் ஒவ்வொரு உருளையையும், கப்பின் உள்பக்கத்தையும் பாருங்கள்.

- மேற்பரப்பு சொரசொரப்பாகவோ குழி விழுந்தோ இருந்தால் பேரிங் முடிந்தது.
- நீலம் அல்லது கரும்பழுப்பு நிறம் ஏறியிருந்தால் சூடு வாங்கியிருக்கிறது. முன்பு அளவுக்கு மீறி இறுக்கியதோ, கிரீஸ் இல்லாமல் ஓடியதோ காரணம்.
- கப்பில் உருளைகளின் இடைவெளிக்கேற்பக் கோடு கோடாகப் பள்ளம் இருந்தால் அடி வாங்கியிருக்கிறது.
- துரு இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

இவற்றில் எது இருந்தாலும் டைட் வைத்துப் பயனில்லை. கோனையும் கப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். பேரிங்கின் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பழைய கப்பில் புதுக் கோன் போட்டால் அதிக நாள் வராது.

பழைய கிரீஸும் ஒரு சேதி சொல்லும். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எண்ணெய் போல நீர்த்திருந்தால் ஆக்சிலின் உள் சீல் போய், டிஃப்ரென்ஷியல் ஆயில் ஹப்புக்கு வருகிறது. அந்தச் சீலை மாற்றாமல் புதுக் கிரீஸ் வைத்தால் அதுவும் கரைந்து பிரேக் ஷூவில் இறங்கும்.

கிரீஸ் வைப்பது

டப்பாவில் வீல் பேரிங்குக்கு உரியது என்று குறிப்பிட்டிருக்கும் லித்தியம் கிரீஸே போதும். பட்டைக்குப் போடும் மலிவான கிரீஸ் சூட்டில் வழிந்துவிடும். இரண்டு வகை கிரீஸைக் கலக்க வேண்டாம்.

உள்ளங்கையில் கிரீஸ் எடுத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். மறுபக்கம் உருளைகளின் இடுக்கில் கிரீஸ் பிதுங்கி வரும் வரை செய்து, சுற்றிலும் நிரப்புங்கள். மேலே பூசினால் மட்டும் போதாது. ஹப்பின் உள்ளே கனமான பூச்சாக வையுங்கள். வாய் வரை அடைத்தால் சூட்டில் விரிந்து சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். உள்பக்க பேரிங்கை வைத்து, புதுச் சீலை நேராக அடித்து ஏற்றுங்கள். சீலின் உதட்டில் சிறிது கிரீஸ் தடவுங்கள்.

டைட் வைக்கும் முறை

1. ஹப்பை ஏற்றி, வெளிப்பக்க பேரிங்கை வைத்து, உள் நட்டைக் கையால் மரையேற்றுங்கள்.

2. ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறுகையால் நட்டை இறுக்குங்கள். சக்கரம் சுழலாமல் நிற்கும்போது இறுக்கினால் உருளைகள் கப்பில் ஒழுங்காக உட்காராது. சிறிது ஓடியதும் லூசாகிவிடும்.

3. சக்கரம் சுற்றக் கனமாகி, பிடிக்கத் தொடங்கும் வரை இறுக்குங்கள். இது பேரிங்கை உட்கார வைப்பதற்காக மட்டும். இந்த நிலையில் விட்டுவிடக் கூடாது.

4. இப்போது நட்டைத் திருப்பித் தளர்த்துங்கள். இவ்வகை ஜீப்புக்குச் சொல்லப்படும் அளவு சுமார் ஆறில் ஒரு பங்கு சுற்று. நட்டுக்கு ஆறு பக்கம் என்பதால் கணக்கு எளிது: ஒரு பக்கம் இருந்த இடத்துக்கு அடுத்த பக்கம் வர வேண்டும். சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் தவறாது.

5. சக்கரத்தைச் சுற்றி விடுங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். இன்னும் கனமாகச் சுழன்றால் மேலும் சிறிது தளர்த்துங்கள்.

6. லாக் வாஷரைப் போட்டு, லாக் நட்டை நன்றாக இறுக்குங்கள்.

7. மறுபடியும் சுற்றியும் ஆட்டியும் பாருங்கள். பலர் விட்டுவிடும் படி இதுதான். லாக் நட்டு இறுகும்போது மரையில் உள்ள சிறு இடைவெளியை எடுத்துக்கொண்டு உள் நட்டைச் சற்று உள்ளே தள்ளும். முன்பு சரியாக இருந்த பேரிங் இப்போது டைட்டாகியிருக்கலாம். அப்படியானால் லாக் நட்டைக் கழற்றி, உள் நட்டை இன்னும் ஒரு பொடி தளர்த்தி, மறுபடி பூட்டுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டி வந்தாலும் சலிக்க வேண்டாம்.

8. சரியானதும் வாஷரின் நாக்கை நட்டின் மேல் மடக்குங்கள். ஒரு முறை மடக்கி நிமிர்த்திய நாக்கு மறுமுறை உடையும் என்பதால் புது வாஷரே நல்லது. பேக்கிங், ப்ளேஞ்ச், சர்க்லிப், மூடி ஆகியவற்றைப் பொருத்துங்கள். பிரேக்கை மறுபடி அட்ஜஸ்ட் செய்ய மறக்க வேண்டாம்.

உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

சமவெளிச் சாலையில், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். முதலில் புறங்கையை ஹப்புக்கு அருகே கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள், பிறகு தொடுங்கள். இளஞ்சூடு இருக்கலாம். கை வைத்துப் பிடிக்க முடியாத சூடு இருந்தால் பேரிங் டைட், அல்லது பிரேக் உரசுகிறது. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால் தெளிவாகத் தெரியும். மலை இறங்கி வந்ததும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். அப்போது பிரேக் சூடே ஹப்பில் ஏறியிருக்கும்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கி, ஒருமுறை தூக்கி ஆட்டிப் பாருங்கள். புது பேரிங் போட்டிருந்தால் இது கட்டாயம்.

டிராக்டருக்கும் டிரெய்லருக்கும்

இரு சக்கர இயக்க டிராக்டரின் முன்சக்கரத்திலும், பெரும்பாலான டிரெய்லர்களிலும் இதே டேப்பர் பேரிங்தான். வித்தியாசம் பூட்டும் விதத்தில். அங்கே லாக் நட்டுக்குப் பதில் பள்ளம் வெட்டிய நட்டும், அதில் செருகும் ஸ்பிளிட் பின்னும் இருக்கும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிடித்ததும் தளர்த்தி, நட்டின் பள்ளமும் ஆக்சிலின் துளையும் நேராக வரும் இடத்தில் பின்னைச் செருகுங்கள். துளை நேராக வரவில்லை என்று மேலும் இறுக்க வேண்டாம். தளர்த்தும் பக்கமாகவே திருப்பி நேராக்குங்கள். ஒவ்வொரு முறையும் புது ஸ்பிளிட் பின். ஆணியோ கம்பியோ முறுக்கி வைத்தால் அது அறுந்த அன்று சக்கரம் தனியாக ஓடும்.

சேற்று உழவு முடிந்ததும் முன் ஹப்பைத் திறந்து பாருங்கள். ஓடிச் சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே உள்ள காற்று சுருங்கி, சீல் வழியாகச் சேற்று நீரை இழுக்கும். சாலையில் ஓட்டி வந்த உடனே வயலில் இறக்காமல் சிறிது ஆற விட்டு இறக்கினால் சீலும் பேரிங்கும் நாள்படும். கரும்பு ஏற்றும் டிரெய்லருக்கு வெட்டு தொடங்கும் முன்பே கிரீஸ் மாற்றி டைட் வையுங்கள்.

எங்கே கை வைக்கக் கூடாது?

நான்கு சக்கர இயக்க டிராக்டரின் முன் ஹப்பில் கியர்கள் இருக்கும். அதன் பேரிங்கை அழுத்தம் கொடுத்தே பொருத்துவார்கள். பழைய ஜீப்பின் பின் ஆக்சிலில் பல மாடல்களில் ஷிம் தகடு வைத்து ஆட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். புதிய வண்டிகளில் வரும் ஒரே கட்டான ஹப் பேரிங்கில் தளர்த்தும் வேலையே கிடையாது. இவற்றுக்கு மேலே சொன்ன முறை பொருந்தாது. அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள்.

எப்போது செய்ய வேண்டும்?

வருடத்துக்கு ஒரு முறை அல்லது பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை, இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது ஹப்பைத் திறந்து கழுவி, கிரீஸ் வைத்து, டைட் பாருங்கள். ஓடை, ஆறு கடந்து ஹப் மூழ்கினால் அந்த வாரமே பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கிவிட்டால் மறக்காது.

மெக்கானிக்கிடம் விட்டாலும் பக்கத்தில் நின்று மூன்றைக் கவனியுங்கள்: சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கினாரா, இறுக்கிய பின் தளர்த்தினாரா, லாக் நட்டு போட்ட பின் மறுபடி சுற்றிப் பார்த்தாரா. மூன்றில் ஒன்று விடுபட்டிருந்தாலும், வண்டியை எடுக்கும் முன் அங்கேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.